மங்கை அக்கா சொல்லாத ஜுரம்

பத்தாம் வகுப்பில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வகுப்பில் நான் போனை எடுப்பவன் அல்ல. அன்று எடுத்தேன். எந்தப் பெயர் திரையில் வந்துவிடக் கூடாது என்று சில நாட்களாகச் சோறு இறங்காமல் கிடந்தேனோ, அந்தப் பெயர்தான் வந்திருந்தது. மங்கை அக்காவின் கணவர் கலியபெருமாள் மாமா, சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து. "தம்பி, அக்கா போயிட்டா" என்றார். அவரே என்னைத் தேற்றினார். "ரொம்பக் கஷ்டப்படல தம்பி. மூச்சு வாங்கிக்கினே இருந்தா. அப்புறம் வாங்கல. அவ்ளோதான்."

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. பிள்ளைகளைப் பாடம் படிக்கச் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன். அக்கா எடுத்துக்கொண்ட அதே சிகிச்சைக்கு அடுத்த ஆளாக நின்றவன் நான். செத்தவருக்காக வருந்துவதற்கு முன்னால் என் உடம்பு தன்னைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டது. அக்கா இருந்திருந்தால், "உடம்புன்னா அப்டித்தான் இருக்கும், அதுக்குப் போய் வெக்கப்படறியே" என்று சிரித்திருப்பார்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பாதிப்பேர் அவரை ரயிலில் பார்த்தவர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் மங்கையர்க்கரசி. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பெருமுக்கல் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். எனக்கும் அவருக்கும் ஒரே வியாதி, லூபஸ். நோய்க்கிருமியை அடிக்க வேண்டிய ரத்த அணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கும். அவருக்கு மூட்டுகளை அடித்தன. எனக்குச் சிறுநீரகத்தை.

எங்களுக்கு வெயில் ஆகாது. வெயில் பட்டால் முகம் சிவந்துபோகும், மறுநாள் கைகால் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை சென்னை ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு அக்கா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். காலையில் போகும்போது சூரியன் வண்டிக்கு வலப்பக்கம். சாயங்காலம் திரும்பும்போதும் வலப்பக்கம்தான். ஆகவே எப்போதும் இடப்பக்கம் உட்கார வேண்டும். விழுப்புரத்தில் ஏறுகிற நான் இடப்பக்க இருக்கையில் துண்டு போட்டு வைப்பேன். திண்டிவனத்தில் அவர் ஏறுவார். முதல் நாள் என் மருந்துச் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அறிமுகம் இல்லாத என்னிடம் அவர் கேட்ட கேள்வி இது. "இது பொம்பளைங்க சீக்காச்சே தம்பி. உனக்கு எப்டி வந்துச்சி? வரிசையில மாறி நின்னுட்டியா?" வியாதி வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

இந்த வியாதியைச் சொந்தக்காரர்களுக்கு விளக்குவது பெரும்பாடு. எதிர்ப்பு சக்தியில் கோளாறு என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட மாமா, அது குறைந்துதான் போயிருக்கும் என்று முடிவுகட்டி, கடையில் விற்ற எதிர்ப்பு சக்திப் பொடியைப் பெரிய டப்பாவாக வாங்கிவந்துவிட்டார். பாலில் கலக்கி ஆசையாக நீட்டியவரை அக்கா பிடித்த பிடி எங்கள் ரயில் பெட்டியில் பலநாள் ஓடிய கதை. "இருக்கற சக்தியே என்ன அடிச்சித் துவைக்குது. இன்னும் ஆளு சேத்து அனுப்பறியா?" என்றாராம். மாமா அந்தப் பொடியைத் தானே குடித்துத் தீர்த்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் எடை கூடியது.

புதிய சிகிச்சையைப் பற்றி எங்களைப் பார்க்கும் சென்னை டாக்டரம்மா எங்கள் இருவரிடமும் ஒரே நாளில்தான் பேசினார். எனக்கு அன்று காதில் பாதிதான் விழுந்தது. வழக்கமான மாத்திரைகள் உங்கள் சிறுநீரகத்துக்குப் போதவில்லை என்ற வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். அடுத்த வாரம் அக்காவின் பள்ளிக்குப் போய், "அன்னிக்கு என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டோடு முண்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா எட்டாம் வகுப்பிலிருந்து உயரமான பிள்ளைகள் சிலரைக் கூப்பிட்டு வரிசைக்கு நடுவில் அங்கங்கே நிறுத்தினார். அடிதடி அடங்கியது.

"பாத்தியா? இதான் தம்பி" என்றார். "ரத்தத்துல அடிக்கற பசங்களும் இருக்காங்க, அடக்கற லீடர் பசங்களும் இருக்காங்க. நமக்கு லீடருங்க கம்மி. இருக்கறவனும் சோந்து போய்க் கெடக்கறான். அவன வெளிய எடுத்து, சோறு போட்டு வளத்து, நெறைய ஆளாக்கி, திருப்பி நம்ம ரத்தத்துலயே வுடறாங்க. போயி சண்டைய அடக்குடான்னு. அவ்ளோதான்." ஒழுங்குபடுத்தும் செல்கள் என்று டாக்டரம்மா சொன்னதைத்தான் அக்கா இப்படிச் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரிந்தவுடன் பயமும் வந்துவிட்டது. "அந்த லீடரே ரவுடியாயிட்டா என்னக்கா பண்றது?" என்று கேட்டேன்.

அக்கா கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதையேதான் நானும் கேட்டேன். அப்டி ஆவக் கூடாதுன்னுதான் பாத்துக்கினு இருக்கோம், ஆவவே ஆவாதுன்னு சொல்ல முடியாதுன்னாங்க. ரொம்ப அடக்கிட்டா வேற நோய் உள்ள வந்துடும், அதுவும் இருக்குன்னாங்க. மறைக்காம சொன்னாங்க பாரு, அதுக்கே கையெழுத்துப் போடலாம்னு தோணிச்சி." பிறகு சாம்பார் ஊற்றிக்கொண்டே சொன்னார், "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயம் போனப்புறம் பண்ணலாம்னா எதையும் பண்ண முடியாது. பயந்துக்கினே பண்ணுவோம்."

கையெழுத்துப் போடும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். இது இன்னும் சோதனை நிலையில் உள்ள சிகிச்சை, உங்களுக்குக் குணம் தெரியலாம், தெரியாமலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஜுரம் வந்தால் அது சின்ன ஜுரமாக இருந்தாலும் உடனே போன் செய்ய வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எனக்கு ஏதாவது ஆயிட்டா, எனக்கு அடுத்தவங்களுக்குக் குடுப்பீங்களா?" டாக்டரம்மா, "நிறுத்திடுவோம். காரணம் தெரிஞ்ச பிறகுதான் அடுத்தவங்க" என்றார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

அணுக்களைப் பிரித்தெடுத்த நாளில் மாமா மல்லாட்டை பிடுங்க ஆள் வைத்திருந்ததால் துணைக்கு நான் போனேன். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுற்றி, வேண்டியதை அங்கே விட்டுவிட்டு, மறு கை வழியாக உடம்புக்குத் திரும்பியது. பாதியில் அக்கா, "தம்பி, ஒதடு மரத்துப் போது" என்றார். நான் எழுந்து கத்திவிட்டேன். நர்ஸ் ஓடிவந்து, ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் மருந்தால் அப்படி ஆகும் என்று கால்சியம் கொடுத்தார். அக்காவுக்குச் சரியாகிவிட்டது. எனக்குத்தான் தலை சுற்றி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். "பேஷண்ட் யாருன்னே தெரியலியே" என்று அக்கா படுத்த நிலையிலேயே கிண்டல் செய்தார்.

வளர்த்த அணுக்கள் ஒரு சின்னப் பையில் வந்தன. சொட்டுச் சொட்டாக ஏறியபோது மாமா கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அடுத்த மாதங்களில் அக்காவின் விரல்கள் மடங்கத் தொடங்கின. களி கிண்டும் கட்டையைப் பிடிக்க முடிந்தது என்று போன் செய்து அழுதார். ஐப்பசியில் வானம் மூடிக்கிடந்த ஒரு நாள் பெருமுக்கல் மலைமேல் ஏறிக் கோயில் வாசலில் நின்றுகொண்டு போனில், "முட்டி ஒன்னும் வலிக்கல தம்பி. ஜல்தி நீயும் ஏத்திக்க" என்றார். அது அந்த அணுக்களின் வேலையா, மாத்திரையின் வேலையா என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவும் ஒருவர் உடம்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். ஆனால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. என் சிறுநீரில் புரதம் இறங்குவது நிற்கவில்லை, அடுத்து டயாலிசிஸ்தான் என்ற பயத்தில் இருந்தவனுக்கு அந்த மலையேற்றம் போதுமானதாக இருந்தது. அடுத்த குழுவில் என் பெயரும் சேர்ந்தது.

கடைசிப் பயணத்துக்கு வருகிறேன். திண்டிவனத்தில் ஏறியவர் வழக்கம்போல எனக்குக் கேப்பை அடை கொண்டுவந்திருந்தார். டப்பாவை வாங்கும்போது விரல் பட்டது. சுட்டது. "என்னக்கா, ஜுரமா?" என்றேன். "வெயில்ல நடந்து வந்தேன்" என்றார். இடப்பக்க இருக்கையைக் கண்டுபிடித்த மனுஷி குடையில்லாமல் வெயிலில் நடக்கமாட்டார். முகத்தைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இருமலை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டிருந்தார்.

ஒலக்கூர் தாண்டியபோது அவரே சொன்னார். ஜுரம் வந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. சாயங்காலமானால் வருகிறது. இடையிடையே சோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் ஜுர மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகிறார், அதனால் அங்கே பார்க்கும்போது சூடு தெரிவதில்லை. இன்றைக்கும் போட்டிருக்கிறார், ஏனோ அடங்கவில்லை. "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். "சொன்னா நிறுத்திடுவாங்க தம்பி. காரணம் தெரிஞ்சப்புறம்தான் அடுத்த ஆளுன்னாங்க இல்ல? காரணம் எப்ப தெரியும்? உன் கிட்னி அதுவரைக்கும் காத்துக்கினு இருக்குமா? உனக்கு ஏத்தி முடிக்கட்டும். நான் அப்புறம் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

செங்கல்பட்டு வரும்வரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. சொன்னால் எனக்கான சிகிச்சை போய்விடும். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, அக்கா, "நல்லா இருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள், "ஜுரம் இருக்கு டாக்டர், பல நாளா இருக்கு, மாத்திரை போட்டு மறைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைத் திட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றே சேர்த்தார்கள். நுரையீரலில் காசநோய். சிகிச்சைக்கு முன் சோதித்தபோது அது தெரியவில்லை. லூபஸ் மாத்திரைகளால் எதிர்ப்பு தளர்ந்திருந்த உடம்பில் மறைத்த ஜுரத்தோடு நிறையப் பரவிவிட்டிருந்தது. அந்தப் புது அணுக்கள் வழிவிட்டுவிட்டனவா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அதுவும் இருக்கலாம். வருஷக்கணக்கா சாப்பிட்ட ஸ்டீராய்டும் இருக்கலாம். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனக்குத் தெரியலைன்னுதான் சொல்ல முடியும்" என்றார். முதல் வாரமே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எல்லோருக்குமான சிகிச்சையை அன்றோடு நிறுத்திவைத்தார்கள்.

சில நாள் அக்கா என்னோடு பேசவில்லை. நான் முகமூடி போட்டுக்கொண்டு, என் உடம்புக்கு அங்கே நிற்பதே ஆபத்து என்று தெரிந்து, கதவோரம் நின்றுவிட்டுத் திரும்புவேன். ஒருநாள் கண்ணைத் திறந்து, "இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் போயிட்டா ஆளுக்கு ஒன்னு பேசுவாங்க. செல்லு கொன்னுடுச்சின்னு சொல்லுவாங்க. கொல்லலன்னும் சொல்லுவாங்க. நீ தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லாத. நான் ஜுரத்த மறைச்சேன், அது மட்டும் தெரியும். அத சொல்லு" என்றார். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். இந்த அஞ்சலியை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

கருமாதியன்று பந்தலில் பேச்சு அவர் சொன்னபடியே இருந்தது. "நல்லா நடமாடிக்கினு இருந்த பொம்பள. ரத்தத்த எடுத்து என்னமோ வளத்து ஏத்துனாங்களாம். ஏத்துனா இன்னா ஆவும்?" என்று ஒரு பெரியவர் சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா எழுந்து என் கையைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். மல்லாட்டை பிடுங்கிய நிலம் வெறுமையாகக் கிடந்தது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் ஆரம்பித்தேன். "மாமா, அக்காவுக்கு ரொம்ப நாளா ஜுரம் இருந்துச்சு. உங்களுக்குத் தெரியாம..."

"தெரியும் தம்பி" என்றார். "அந்த மாத்திரைய வாங்கிக் குடுத்ததே நான்தான்."

அவர் வரப்பில் உட்கார்ந்துகொண்டார். "ஜுரம்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க, தம்பி காத்துக்கினு இருக்குது, கொஞ்ச நாளு பொறுத்துக்கன்னு சொன்னா. அவ கேட்டு நான் எதையும் வாணாம்னு சொன்னதில்ல. திண்டிவனம் மருந்துக் கடையில போயி அட்டை அட்டையா வாங்கியாந்தேன். ஜுரம்தானே, இன்னா ஆயிடும்னு நெனச்சேன்." அழாமல் சொன்னார். பிறகு, "நீ சொன்ன பாரு, அத நான் சொல்லியிருக்கணும்" என்றார். எனக்காக ஜுரத்தை மறைத்த மனைவியை இழந்தவருக்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது அங்கேதான்.

அக்கா போய்ச் சில மாதங்களாகின்றன. நிபுணர்கள் கூடி ஆராய்ந்து, காசநோய்ச் சோதனைகளைக் கூட்டி, சிகிச்சையை மறுபடி தொடங்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அந்த அணுக்களைக் குற்றம் சொல்லவும் அவர்களால் முடியவில்லை, முழுதாக விடுவிக்கவும் முடியவில்லை. இதை எழுதும்போது எனக்கு அது ஆறுதலாக இல்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சம்மதித்தேன். என் சிறுநீரகத்துக்கு வேறு வழி குறைந்துகொண்டு வருகிறது. நாளைக்கு எனக்கு அணுக்கள் பிரித்தெடுக்கும் நாளாக இருந்தது.

இன்று காலை எழுந்தபோது உடம்பு லேசாகச் சுட்டது. என் மனைவி சுமதி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அலமாரியிலிருந்து ஜுர மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, "ஒன்னே ஒன்னு போட்டுக்கினு போயிடுங்களேன். இதை விட்டா எப்ப கூப்பிடுவாங்களோ" என்றாள். அவள் கண்ணில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். நாள் தள்ளிப்போனால் என் உடம்பு தாங்குமா என்ற அதே பயம்தான் அக்காவையும் மாமாவையும் அப்படிச் செய்ய வைத்தது. மாத்திரையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். விழுங்காமல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸம்மா, "நாளைக்குத்தானே சார் வர்றீங்க? உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ஜுரம் இருக்கும்மா" என்றேன்.

நாளை சிகிச்சை இல்லை என்றும், ஆனால் சோதனைக்கு உடனே கிளம்பி வரவேண்டும் என்றும் சொன்னார். எப்போது மறுபடி கூப்பிடுவார்கள் என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். மங்கை அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது தைரியம் அல்ல. அவர் எனக்காக விழுங்கிவிட்டுப் போன அந்த ஒரு வாக்கியம். அவருக்கும் சேர்த்து இன்று அதைச் சொல்லிவிட்டேன்.